மூன்றாம் வருஷத்துக் கிரேன்

ஸ்டட்பர்க் நகரத்தில் ஒருவருடைய மானத்தை வாங்க வேண்டுமென்றால் அவரைத் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். அவர் கட்டடத்துக்கு முன்னால் அந்த மஞ்சள் கிரேனைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். மனுஷர் கண்காட்சி முடியும்வரை தலைநிமிர மாட்டார்.

நிஜமான ஊர் என்று நினைத்து வரைபடத்தில் தேடிவிடாதீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சில பெரியவர்கள், அதாவது வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவர்கள், முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறவர்கள், ஒன்றுகூடி லெகோ கட்டைகளால் கட்டிவரும் ஊர் அது. இடம் இருக்கிறவரை ஆளுக்கு ஒரு மனை, மற்ற உறுப்பினர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும். வருஷம் முழுக்க அவரவர் வீட்டில் கட்டி, ஏப்ரலில் கண்காட்சித் திடலின் பெரிய கொட்டகையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஊராக இணைப்பார்கள். காலம் போன நூற்றாண்டின் ஐம்பதுகள் என்பது ஏற்பாடு. கார்களுக்கு வால் இருக்கும், ஆண்களுக்குத் தொப்பி இருக்கும்.

கட்டடம் முடியாமல் வந்தால் கிரேன். கூரையில் ஓட்டை தெரிந்தாலும், சுவருக்குப் பின்னால் வெறிச்சோடிக் கிடந்தாலும் கிரேன். ஒரு தடவை வைத்தால் கேலி. இரண்டாம் தடவை வைத்தால் பரிதாபம். மூன்றாம் வருஷமும் வைத்தால் மனை பறிபோய், காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும்.

ரோண்டா வுகோவிச்சுக்கு இரண்டு கிரேன் ஆகிவிட்டது.

அவள் மனையோ சாதாரண மனை இல்லை. நான்கு தெரு கூடும் நட்டநடு மூலை. உள்ளே நுழைகிறவன் கண் முதலில் விழுகிற இடம். அதில் அவள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு மூலை பார். கீழே பார், பின்னால் பந்து உருட்டிக் குப்பி சாய்க்கும் பௌலிங் ஆட்டம், மூலையில் வட்டமான கோபுரம், அதன்மேல் பச்சைக் கும்மட்டம். மில்வாக்கிக்காரன் எவனும் இதைப் பார்த்ததும் பீருக்குக் கை நீட்டுவான். முதல் வருஷம் பௌலிங் பாதை ஒரு குமிழ் அளவு, அதாவது கட்டையின் தலையில் இருக்கும் ஒரு பொட்டு அகலம், குட்டையாகிவிட்டது என்று முழுக்கப் பிரித்தாள். இரண்டாம் வருஷம் மாடிப்படி பிடிக்கவில்லை என்று மறுபடி பிரித்தாள். யார் கேட்டது மாடிப்படியை? அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தொழிலில் அவள் வீடு விற்கும் தரகர். மில்வாக்கியின் தெற்குப் பக்கத்தில் அவள் பெயர்ப்பலகை இல்லாத தெரு கிடையாது. அவளிடம் ஒரு தந்திரம் உண்டு. வீட்டைக் காட்டும்முன் கூடத்துச் சுவரில் ஒரு படத்தை லேசாகக் கோணலாக்கி வைத்துவிடுவாள். வருகிறவர்களில் எவர் பேச்சினூடே கை நீட்டி அதை நேராக்குகிறாரோ அவரே அந்த வீட்டை வாங்குவார். "கை வெச்சவன் விடமாட்டான்" என்பாள். இருபது வருஷத்தில் அது பொய்த்ததே இல்லை என்று அடித்துச் சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், பாதகமில்லை.

காத்திருப்பவர்களில் முதல் ஆள் கோர்டன் டெஸ்கி. நகராட்சியில் போக்குவரத்துப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மூலையில் அவர் கட்டத் துடித்தது என்ன தெரியுமா? கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடம். நாலு மாடி, முழுக்கச் சாம்பல் நிறம்.

"முந்நூறு கார் இருக்கு இந்த ஊர்ல. ஒரு வண்டி நிறுத்த எடம் இருக்கா? சொல்லுங்க, இருக்கா?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையைத் தட்டுவார்.

"யோவ், அது பொம்மைக் காருய்யா. யாரும் அதை விட்டு எறங்கவே போறதில்ல" என்பாள் ரோண்டா.

"அதனால? எறங்கினா எங்க நிறுத்துவான்?"

இந்தக் கல்லுளிமங்கனிடம் என்ன பேச?

பிப்ரவரியில் பங்கு போடும் நாள் வந்தது. அதுவும் இவர்களுக்கே உரிய ஒரு வழக்கம். எல்லோரும் ஒரே மாதிரியான லெகோ பெட்டியை ஆளுக்கொன்று வாங்கி வருவார்கள். அத்தனையையும் உடைத்து, ஒரே வடிவம் ஒரே நிறம் உள்ள கட்டைகளைத் தனித்தனிக் குவியலாகக் கொட்டுவார்கள். பிறகு சீட்டுக் குலுக்கி, வரிசைப்படி ஒருவர் ஒரு குவியலை அள்ளலாம். கடைசி ஆள்வரை போய், அங்கிருந்தே வரிசை திரும்பி வரும். வீட்டுக்கு ஒரு பெட்டியாகக் கொண்டுபோனால் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். இப்படிப் பிரித்தால் வேண்டியது மொத்தமாகக் கிடைக்கும். சாமர்த்தியம் என்னவென்றால், உனக்கு எது வேண்டும் என்று மற்றவனுக்குத் தெரியக்கூடாது.

அந்த வருஷப் பெட்டியில் வளைந்த தகடு ஒன்று, களிம்பு பிடித்த பழஞ்செம்பின் பச்சையில் முதல்முறையாக வந்திருந்தது. கும்மட்டத்துக்கென்றே பிறந்த தகடு. வேறெங்கும் கிடைக்காது, தனியாக வாங்கலாமென்றால் விற்பவர்கள் எல்லோரிடமும் தீர்ந்து போயிருந்தது. ரோண்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பங்குக்கு இரண்டு நாள் முன்னால், சங்கத்து இணையக் குழுவில், மொட்டையாக நின்ற தன் கோபுரத்தைப் படமெடுத்துப் போட்டு, "சனிக்கிழமை இவனுக்குப் பச்சைத் தொப்பி!" என்று எழுதினாள். வீடு வாங்க வருகிறவர்களிடம், 'பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டாதீர்கள், விலை ஏறிவிடும்' என்று ஆயிரம் தடவை சொன்னவள். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

லூத்தரன் தேவாலயத்துக் கூடத்தில் குலுக்கினார்கள். முதல் சீட்டு கோர்டனுக்கு. மனுஷர் எழுந்தார். குவியல்களைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தார். சாம்பல் தகடுகளின் முன்னால் நின்றார், தாடையைத் தடவினார். அப்புறம் பச்சைக் குவியலை இரண்டு கையாலும் வாரித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார்.

"கார் நிறுத்தற கட்டடத்துக்குக் கும்மட்டமா வைக்கப்போற?" என்று கத்தினாள் ரோண்டா.

"யாரும் எதையும் எடுக்கலாம். சட்டம் அப்படித்தானே, க்ளாரிஸ்?"

க்ளாரிஸ் அபர்நதி சங்கத் தலைவி. பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். ஒரு பார்வையில் வகுப்பை அடக்குவாள். "சட்டம் அப்படித்தான்" என்றாள், வாயில் வேப்பங்காய் வைத்ததைப் போல.

ரோண்டாவின் முறை வந்தபோது அவள் கிராதிக் குவியலை எடுத்தாள். சாம்பல் நிறக் கிராதிகள். அவளுக்கு எதற்கும் உதவாது. ஆனால் கார் மாடிக்குச் சுற்றிலும் கிராதி இல்லாவிட்டால் கார் கீழே விழும். பொறியாளர் மனசு தாங்காது. அதைக் கோர்டன் பார்த்தார். முகம் ஒரு நொடி சுருங்கியது.

எல்லாம் முடிந்து பிராட்வர்ஸ்ட் சாசேஜும் பொரித்த சீஸும் தின்னும்போது அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "சரிய்யா. உனக்குக் கிராதி வேணும், எனக்குப் பச்சை வேணும். மாத்திக்குவோம்."

"அவசரமில்ல, தாயே. ஏப்ரல்ல மூணாவது கிரேன் வரட்டும். மனை எனக்கு வந்தப்புறம் பேசலாம்." கோட்டுப் பையில் கைவிட்டு நாலைந்து பச்சைத் தகடுகளைக் குலுக்கிக் காட்டினார். கலகலவென்று சத்தம் கேட்டது. "அதுவரைக்கும் இது எனக்கு ராசி."

அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் அந்தச் சத்தம். கூட்டத்தில் கலகல, கட்டைக் கடையில் கலகல. ஒருநாள் மளிகைக் கடையில் பால் வரிசையில் அவள் பின்னால் நின்றுகொண்டு கலகல. அவள் திரும்பி முறைத்ததற்கு, "சாவிக் கொத்து" என்றார், பச்சைப் பொய்.

ரோண்டா வேறு வழி தேடினாள். வேறு நிறத் தகட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கலாமா? அடிக்கலாம், அதற்கப்புறம் சங்கத்தில் ஒருவர்கூட அவளோடு காபி குடிக்க மாட்டார். பெயிண்டும் பசையும் அங்கே பாவத்தில் சேர்த்தி. அதே வடிவத் தகடு பழுப்பு நிறத்தில் அவளிடம் எக்கச்சக்கமாகக் கிடந்தது, பழைய கடற்கொள்ளைக் கப்பல்களைப் பிரித்தது. ஆனால் ஐம்பதுகளில், அரை நூற்றாண்டு பழசான பாருக்குப் பழுப்புக் கும்மட்டமா? செம்பு அத்தனை வருஷம் பச்சையாகாமல் என்ன செய்துகொண்டிருந்தது என்று க்ளாரிஸே கேட்பாள்.

மார்ச் கடைசியில் ஒரு புதுமணத் தம்பதிக்கு வீடு காட்டப் போயிருந்தாள். வாசலில் நின்று அடித்தளச் சுவரில் ஈரமே கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தவள், பாதியில் நிறுத்தினாள். எதிர்ப்பக்கத் தேவாலயத்தின் கும்மட்டத்தில் சாரம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கிரேன். ஆட்கள் பழைய பச்சைத் தகடுகளை உரித்து, புதுச் செம்பைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். புதுச் செம்பு பழுப்பு! அம்மாடி, நல்ல பழுப்பு! உச்சியில் உரிக்காமல் விட்ட ஒரே ஒரு பச்சைத் தகடு.

"அடி ஆத்தீ!" என்றாள் வாய்விட்டு.

"ஈரம் இருக்கா?" என்று பதறினாள் புதுப்பெண்.

"ஈரமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. உள்ள போய்ப் பாருங்க, நான் இதோ வந்துடறேன்" என்று தெருவைத் தாண்டி ஓடி இருபது படம் எடுத்தாள். திரும்பி வந்தபோது புதுமாப்பிள்ளை கூடத்துப் படத்தை நேராக்கிக்கொண்டிருந்தான். அவள் அங்கேயே நின்று அவன் விரல்களைப் பார்த்தாள். அப்போதுதான் திட்டத்தின் மறுபாதி தோன்றியது.

பழுப்பில் முழுக் கும்மட்டமும் கட்டி, சாரமும் சொந்தக் கிரேனும் வைத்து, கூரை வேயும் ஆட்களையும் நிறுத்திவிடலாம். அழகாகத்தான் இருக்கும். ஆனால் கோர்டன் சும்மா இருப்பாரா? "சாரம் நிக்குது, கிரேன் நிக்குது, அப்போ வேலை முடியலைன்னுதானே அர்த்தம்" என்று ஆரம்பிப்பார். வாக்கெடுப்பு என்பார். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சங்கத்தில் பாதிப்பேர் இருக்கிறார்கள். அவர் வாயை வேறு யாராலும் அடைக்க முடியாது. அவர் கையாலேயே அடைக்க வேண்டும்.

ஏப்ரலில் கொட்டகைக்குள் மேசைகள் சேர்ந்தன. தெருக்கள் ஒன்றோடொன்று பொருந்தின, டிராம் ஒரு சுற்று ஓடிப் பார்த்தது. ரோண்டா தன் பாரை மூலையில் இறக்கினாள். பார்த்தவர்கள் கூடிவிட்டார்கள். சாரத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஒருவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாசேஜ் தின்கிறான். கீழே பார்க்காரன் வாசலில் நின்று, தூசி விழுகிறதே என்று கையை ஆட்டிச் சண்டை போடுகிறான். குட்டிக் கிரேன் கயிற்றில் பழுப்புத் தகடு தொங்குகிறது. கும்மட்டம் முழுக்கப் பளபளவென்று புதுச் செம்பு.

"ஐயோ, என்னடி இது! கிரேனை நீயே கொண்டாந்துட்டியே!" என்று க்ளாரிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சோதனை மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மணி அடித்துவிட்டால் கட்டியவர் தன் கட்டடத்தைத் தொடக்கூடாது. க்ளாரிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்து வருவாள். ரோண்டா சுற்றிலும் பார்த்தாள். பிறகு கும்மட்டத்தின் முன்பக்கம், சாரம் மறைக்காத இடத்தில், கோர்டனின் கண்மட்டத்துக்குச் சரியாக, ஒரு பழுப்புத் தகட்டை நகத்தால் நெம்பி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பன்னிரண்டு வருஷச் சங்கம், மூன்று வருஷக் கட்டடம், நட்டநடு மூலை, எல்லாம் இப்போது ஒரு கிழவரின் விரல் நுனியில். பைத்தியக்காரியா நான் என்று தன்னையே கேட்டாள். இல்லை, இருபது வருஷத் தரகு என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

மணி அடித்தது.

கோர்டன் வேகவேகமாக வந்தார். ஒரு கையில் மஞ்சள் கிரேனையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார், அவ்வளவு ஆசை. மறுகை கோட்டுப் பையில், கலகல, கலகல. "சாரமா? அட, சாரமா? அப்போ வேலை முடியல!" என்று தொடங்கியவர், குனிந்து பார்த்து நிறுத்தினார். "ஓட்டை! க்ளாரிஸ், இங்க வா! கும்மட்டத்துல ஓட்டை! பாரு, உள்ள குமிழ் தெரியுது!"

க்ளாரிஸ் இரண்டு மேசைக்கு அப்பால் ஒரு தீயணைப்பு நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றேன், வர்றேன். கத்தாத."

"தெரியும்" என்றாள் ரோண்டா. "ஒண்ணு கொறையுது. என்ன பண்றது, மணி அடிச்சாச்சு." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் முன்பக்கம், பாரேன். மத்ததெல்லாம் எவ்வளவு ஒழுங்கா உக்காந்திருக்கு. அந்த ஒரு எடம் மட்டும் பல்லு விழுந்த மாதிரி."

கோர்டன் மஞ்சள் கிரேனைத் தெருவில் வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் பக்கத்தில் குனிந்தார். "நல்லா வளைச்சிருக்க. எப்படி நிக்குது? உள்ள கீல் வெச்சியா?"

"ஒவ்வொரு வரிசைக்கும்."

"ம்ம்... இடுக்கே தெரியல." அவர் குரலில் வம்பு போய்விட்டிருந்தது. முப்பது வருஷமாகக் கட்டை கோத்த மனுஷன் பேசினார். "இந்த ஒண்ணு இல்லாமப் போச்சே. சே. கண்ணை உறுத்துது."

"உறுத்தத்தான் செய்யும்."

பையில் கலகலப்பு நின்றது. கை வெளியே வந்தது. விரலிடுக்கில் ஒரு பச்சைத் தகடு இருந்ததை அவர் கவனித்தாரோ இல்லையோ, கவனிக்கவில்லை என்றுதான் பிறகு சத்தியம் செய்தார். தகடு ஓட்டையின் மேல் போய் நின்றது. ஒரு பக்கம் சாய்ந்தது, நேரானது. கட்டைவிரல் அழுத்தியது.

க்ளிக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மகிழாத கட்டைக்காரன் உலகத்தில் இல்லை. கோர்டனின் முகம் மலர்ந்தது. சரியாகப் பொருந்தியதா என்று விரலால் ஒரு தடவு தடவிக்கூடப் பார்த்தார். அதற்கப்புறம்தான் மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.

"அட, கெடுத்தேனே!" என்று கையை மறுபடி நீட்டினார்.

"தொடாத!" க்ளாரிஸ் பின்னால் வந்து நின்றிருந்தாள். "அடுத்தவங்க கட்டடத்துல கட்டை வெச்சா அது அவங்களது. அந்தச் சட்டத்தை எழுதினது யாரு?"

கோர்டன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். எழுதியது அவர்தான், ஊர்ப் பொதுவுக்கு அவர் கட்டிய பாலத்தில் யாரோ ஒரு விளக்குக் கம்பத்தை வைத்துவிட்டுத் திரும்பக் கேட்ட வருஷம்.

க்ளாரிஸ் சாரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். அடியில் எங்கும் வெற்றிடம் இல்லை. பௌலிங் பாதையை எட்டிப் பார்த்தாள், மாடிப்படியை எண்ணினாள். "பழைய செம்புல ஒரு தகட்டை மட்டும் விட்டுவெச்சிருக்காங்க, மத்ததெல்லாம் புதுசு. ரொம்பச் சரி. முடிஞ்ச கட்டடம். யாருக்காவது ஆட்சேபம் உண்டா? கோர்டன்?"

"நான் எப்படி ஆட்சேபிக்கறது? நான்தானே முடிச்சேன்!" என்று மனுஷர் அலறினார். கொட்டகையே சிரித்தது. அவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

ரோண்டா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மேசைக்கடியிலிருந்து கிராதி மூட்டையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"எதுக்கு இது? எனக்குத்தான் மனை இல்லையே."

"பாருக்குப் பின்னால சந்து இருக்கு பாரு, அது என் மனைல பாதி. அங்க கட்டு உன் சாம்பல் பூதத்தை. குடிக்க வர்றவன் வண்டிய எங்கயாவது நிறுத்தணும்ல?"

"நாலு மாடி?"

"மூணு. என் கும்மட்டத்தை மறைச்சே, தொலைச்சுடுவேன்."

மறுநாள் காலை கதவு திறந்ததும் கூட்டம் பாய்ந்தது. ரோண்டா காபியோடு கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். மூலையில் முதல் குடும்பம் வந்து நின்றதும், அவள் போய்ப் பேசுவதற்குள் கோர்டன் கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே போய்விட்டார்.

"அந்தக் கும்மட்டத்தைப் பாருங்க" என்று அவர்களைக் குனிய வைத்தார். "ஒரே ஒரு பச்சைத் தகடு இருக்கா? நல்லாப் பாருங்க. அது நான் வெச்சது."

ரோண்டா கிட்டே போகவில்லை. பையில் கைவிட்டாள், நெம்பி எடுத்த பழுப்புத் தகடு இன்னும் அங்கேதான் கிடந்தது. வீடு வாங்கின ஆள் சொந்தக்காரர்களுக்குத் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுவானே, அதே குரலில் கோர்டன் அடுத்த குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.